வண்டி வந்த பிறகு

பிப்ரவரி 7

அம்மாவுக்கு,

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். மூன்று தடவை மணி அடித்தும் திறக்கவில்லை. என்னிடம் இருந்த சாவியைப் போட்டு உள்ளே போனால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம். "ஒன்றரை மாதம் ஊரில் இருக்க மாட்டேன். போன் கிடையாது. அவசரம் என்றால் கீழே உள்ள விலாசத்துக்கு எழுதவும்." கையெழுத்துகூடப் போடவில்லை.

அவசரம் என்றால் கடிதம் எழுது என்று சொல்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. அதுவும் ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் முப்பத்தொரு வருஷம் போன் எடுத்தவள்.

கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உங்கம்மா காட்டுக்குப் போயிருக்காங்கம்மா. எதுக்குப் பிறந்தோம்னு தெரிஞ்சுக்கணுமாம்" என்றார். சிரிக்காமல் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. முந்தின நாள் காலையில்தான் கிளம்பினாயாம். ஒரு நாள். ஒரே ஒரு நாள் தள்ளிப் போயிருக்கலாம்.

உன் மருமகன் "விடு, அவங்களுக்கும் ஒரு மாறுதல் வேணுமில்ல" என்கிறார். அவர் கணக்கு வாத்தியார், எல்லாவற்றுக்கும் விடை வந்துவிடும். எனக்கு வரவில்லை. ஐம்பத்தொன்பது வயதில், பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போகிற அளவுக்கு உனக்கு என்ன குறை?

பதில் போடு. போடாவிட்டாலும் சரி.

உன் மகள்


பிப்ரவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே செவ்வாயும் வெள்ளியும்தான் ஜீப் வருகிறது. அரிசி, காய்கறி, தபால் எல்லாம் அதில்தான். அதனால்தான் தாமதம்.

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீ தடுப்பாய், நீ தடுத்தால் நான் நின்றுவிடுவேன். அவ்வளவுதான் காரணம்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. முதல் மாதம் அலமாரி எல்லாம் அடுக்கினேன். இரண்டாம் மாதம் அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். அப்புறம் கிழமை மறந்து போயிற்று. பக்கத்து வீட்டில் போன் அடித்தால் என் கை காதுக்குப் போகும், ஹெட்செட்டைச் சரிசெய்ய. உன்னிடம் சொன்னால் "கோயில் குளம்னு போயேன்" என்பாய். நூலகத்துப் பலகையில் ஒரு துண்டறிக்கை பார்த்தேன். "நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பது காட்டுக்குத் தெரியும்" என்று போட்டிருந்தது. அபத்தமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் பையிலேயே இருந்தது.

மொத்தம் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு கூடாரம், தகரக் கூரை போட்ட ஒரு சமையலறை. நடத்துகிற பெண்ணுக்கு நாற்பது இருக்கும், முன்பு நிலம் அளக்கிற வேலையில் இருந்தவள். எல்லாரும் சர்வேயர் என்றே கூப்பிடுகிறோம். அவள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "ஆன்மா" என்கிறாள். எண்ணிப் பார்த்தேன், பழக்க தோஷம்.

தினமும் காலையில் அவரவர் இடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். என் இடம் ஓர் ஓடைக்கரை. தண்ணீர் கணுக்கால் அளவுதான். அங்கே இருக்கிற மரத்திடமோ கல்லிடமோ வாய்விட்டுப் பேசச் சொல்கிறார்கள். முதல் நாள் மரத்துக்கு முன்னால் நின்று "வணக்கம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

நீ எதற்காக அன்று வந்தாய் என்று எழுதவில்லையே. அவசரம் ஒன்றும் இல்லையே?

அம்மா


பிப்ரவரி 16

அம்மாவுக்கு,

அவசரம்தான். இப்போது இல்லை. முடிந்துவிட்டது.

எனக்குப் பத்து வாரம் ஆகியிருந்தது. ஸ்கேன் பார்த்த பிறகு உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தோம். இரண்டாம் தேதி காலையில் கலைந்துவிட்டது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் தேதி மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் தேதி உன் வீட்டு மணியை அடித்தேன்.

ஐந்தாம் தேதி காலை வரை நீ உன் வீட்டில்தான் இருந்தாய். போன் செய்திருக்கலாம் என்பாய். உன் மருமகன் இரண்டு தடவை போனை எடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கொஞ்ச நாளைக்கு என்னைப் பாப்பா என்று எழுதாதே.

உன் மகள்


பிப்ரவரி 19

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஜீப் கிளம்புவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் சுருக்கமாக.

ரத்தப் பரிசோதனையை மறுபடி ஒரு தடவை செய். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. கனமான எதையும் தூக்காதே. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போ. தண்ணீர் நிறையக் குடி. மதியம் இரண்டு மணி நேரம் படு. கண்ணாடிக் கடையில் இரண்டு வாரம் விடுப்புச் சொல். மாப்பிள்ளையை ஒரு வாரமாவது வீட்டில் இருக்கச் சொல். அழுகையை அடக்கிக்கொள், இப்போது உடம்பு தாங்காது.

வா என்று ஒரு வரி எழுது. அடுத்த ஜீப்பில் ஏறிவிடுகிறேன்.

அம்மா


பிப்ரவரி 22

அம்மாவுக்கு,

ஒன்பது கட்டளை. எண்ணிவிட்டேன். எனக்கும் அந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்ததுதான்.

ஏன் போன் செய்யவில்லை என்று உனக்கு இப்போது புரிந்திருக்க வேண்டும். நான் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வந்து நின்றாலும், பரீட்சையில் கோட்டைவிட்டு வந்து நின்றாலும் நீ ஒரே மாதிரிதான் பேசுவாய். "முதல்ல அழாதே. என்ன ஆச்சு, எங்கே ஆச்சு, சொல்லு." சொன்னதும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்வாய். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடுவாய். அப்பா இறந்த அன்றைக்குக்கூட யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று என் கையில் பட்டியல் கொடுத்துவிட்டுத்தான் நீ உள்ளே போனாய். எனக்குப் பதினாறு வயது.

மாத்திரை சாப்பிடுகிறேன். தண்ணீர் குடிக்கிறேன். நீ வர வேண்டாம். அங்கேயே இருந்து எதற்குப் பிறந்தாய் என்று கேட்டு முடி.

உன் மகள்


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் முகாமில் இல்லை. மூன்று நாள் தனியாக இருக்கிற கட்டம் அது. சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். திரும்பி வந்துதான் படித்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தாலே கட்டளையாக வந்தது. கிழித்துப் போட்டேன்.

இதில் கட்டளை எதுவும் இருக்காது. என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் ஓடையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு தவளையைப் பிடித்தது. பின்னங்கால் இரண்டும் அதன் வாயில் இருந்தது, தவளை கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். இனி நான் செய்ய ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து தார்ப்பாய்க்கு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என்னை அங்கிருந்து போகச் சொன்னது யார்? எனக்கு அங்கே வேறு வேலையே இல்லை. மூன்று நாளும் பார்ப்பதற்கென்றுதான் வந்திருக்கிறேன். திரும்பப் போனேன். பாம்பும் இல்லை, தவளையும் இல்லை.

தனியாக இருப்பவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, நடுவில் ஒரு பாறையைக் காட்டியிருந்தார்கள். மாலையில் ஒருவர் வந்து அதன்மேல் ஒரு கல் வைத்துவிட்டுப் போக வேண்டும், காலையில் மற்றவர். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. கல் இருந்தால் ஆள் நலம். என் ஜோடி ஒரு ரொட்டிக்கடைக்காரர், அறுபத்தைந்து வயது. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது அவருடைய கல் இல்லை.

அவர் இடத்தைத் தேடிப் போனேன். இரண்டு பாறைக்கு நடுவே சறுக்கி விழுந்து கிடந்தார். கணுக்கால் திரும்பியிருந்தது. உணர்வு இருந்தது. எல்லாரிடமும் விசில் கொடுத்திருந்தார்கள், அவருடையது விழுந்த இடத்தில் எங்கேயோ போய்விட்டது. என்னுடையதை எடுத்து மூன்று தடவை ஊதினேன். வெகு தூரத்திலிருந்து பதில் விசில் வந்தது. ஆக, தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக என் வேலை அந்த இடத்தில் முடிந்துவிடும்.

அவர் என்னைப் பார்த்து "நீங்க போகலையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அதற்கு அப்புறம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அடுத்த கேள்வி என்னிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டாராம். நாற்பது வருஷமாக விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்த கை, இப்போது அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டு போர்வையைப் பிசைகிறதாம். சொல்லிவிட்டு அழுதார். அழாதீங்க என்று என் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் பாட்டுக்கு அழுதார், தானாகவே நின்றது. நாலு மணி நேரம் ஆயிற்று ஆட்கள் வந்து சேர.

ஜீப்பில் நானும் ஏறினேன். "நீங்க வர வேண்டியதில்லை" என்றாள் சர்வேயர். வருகிறேன் என்றேன். மருத்துவமனையில் கட்டுப் போடுகிற வரைக்கும் வெளியே பெஞ்சில் இருந்தேன். அப்புறம் அவருக்கு டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு "இதுல சர்க்கரையே இல்லை" என்று நர்ஸிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

எத்தனை ஆயிரம் பேருக்கு வண்டி அனுப்பியிருப்பேன். நான் கண்ணால் பார்த்த முதல் முடிவு இதுதான், ஒரு மனிதர் டீயில் சர்க்கரை இல்லை என்றது. வெளியே வந்து ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதேன். எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

நீ எழுதியதெல்லாம் சரி. சைக்கிள், பரீட்சை, அப்பா இறந்த நாள். பட்டியலை உன்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ஒன்றும் செய்யவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். அது எனக்குத் தெரியவில்லை.

உனக்கு இரண்டாம் தேதி என்ன நடந்தது? எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. எத்தனை பக்கமானாலும் சரி. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அம்மா


மார்ச் 7

அம்மா,

உன் கடிதத்தை உன் மருமகனிடம் படித்துக் காட்டினேன். சர்க்கரை என்கிற இடத்தில் அவர் சிரித்துவிட்டார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுதுகிறேன்.

காலை எட்டரை மணி இருக்கும். அவர் பரீட்சை மேற்பார்வைக்காக வெளியூர் போயிருந்தார். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பு மாட்டும்போது வயிற்றில் பிடித்தது. குளியலறைக்குப் போவதற்குள் கால் வழியாக இறங்கிவிட்டது. ரத்தம் அவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டது மட்டும் புத்திசாலித்தனம். தரையில் உட்கார்ந்துகொண்டு, உனக்குப் போட வேண்டிய போனை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல். "முதல்ல அழாதீங்க, விலாசம் சொல்லுங்க" என்றாள். அந்த நிலையிலும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. எங்கள் அம்மா பாடம் எடுத்த பெண் என்று நினைத்தேன். ஆனால் நான் எது சொன்னாலும் அவள் "சரி" என்றாள். விலாசம் சொன்னேன், சரி. பத்து வாரம் என்றேன், சரி. பயமா இருக்கு என்றேன், அதற்கும் சரி. அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் அம்மா. ஒரு கட்டத்தில் அவள் கேட்பது கேட்கிறது, எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "மேடம், லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது. வண்டியில் வந்த ஆள் போனைத் தரையிலிருந்து எடுத்து அணைத்தாராம்.

கண் விழித்தபோது டாக்டர் சொன்னார். "இன்னொரு குழந்தைக்குத் தடை ஏதும் இல்லை" என்று எல்லாரும் சொல்கிறார்கள், அவர், நர்ஸ், பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் மாமியார். எனக்கு இன்னொரு குழந்தையைப் பற்றிய பேச்சே வேண்டாம். அந்தக் குழந்தையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஒருத்தரும் கேட்கவில்லை.

கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். வருகிறவர்களுக்குக் கண் பார்க்கும்போது "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கிறேன். வேலை நடக்கிறது.

உன் மகள்


மார்ச் 11

அன்பு மகளுக்கு,

அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல். என்ன பெயர் யோசித்தீர்கள், யார் ஜாடை என்று நினைத்தாய், முதலில் எப்போது தெரிந்தது. கேட்க வேண்டும் என்று இருக்கிறது. கடிதத்தில் வேண்டாமென்றால் நேரில். இரண்டு பாட்டில் ரத்தம் என்று நீ எழுதியபோது நான் மாத்திரையைப் பற்றி எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்படிச் சரி போடுகிறவள் எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஒருத்திதான். பயிற்சியில் அவளைத் திட்டியிருக்கிறேன். "ஒவ்வொரு சரிக்கும் ஒரு விநாடி வீணாகுது, ஒரு நாளைக்கு எத்தனை விநாடின்னு கணக்குப் பண்ணிப் பார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

அன்று உன் சத்தம் நின்றதோடு அவளுக்குக் கதை முடிந்தது. மருத்துவமனை எங்களுக்குத் திருப்பிச் சொல்வதில்லை, நாங்கள் கேட்கவும் கூடாது. அடுத்த போனுக்கு விளக்கு எரியும், எடுக்க வேண்டும். நான் அப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தேன், முப்பத்தெட்டு பேருக்கு அதையே பாடமாகவும் எடுத்தேன்.

இங்கே நேற்று ஒவ்வொருவரும் என்ன கண்டுபிடித்தோம் என்று வட்டமாக உட்கார்ந்து சொன்னோம். ஒருவர் தன் ஆன்மா ஒரு கழுகு என்றார். என் முறை வந்தபோது எனக்குக் கழுகெல்லாம் கிடையாது, ஒரு வேலைதான் தென்பட்டது என்றேன். பிழைத்தவர்களோ, பிழைக்காதவர்களுடைய வீட்டாரோ, மனம் இருந்தால் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். போன் எடுத்தவர்கள் அதைக் கேட்க வேண்டும். நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். சர்வேயர் ஆன்மா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கன்ட்ரோல் ரூம் மேலதிகாரிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அவர் விதிமுறைப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம், சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார். உன் பெயரை நான் எழுதவில்லை. உன்னிடம் இதற்காக எதுவும் கேட்கவும் இல்லை.

இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே முடிகிறது.

அம்மா


மார்ச் 17

அம்மா,

உன் மேலதிகாரி பதில் போடுகிற வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இன்று கடைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நானே போனேன். உன் மருமகன் துணைக்கு வந்தார், கீழேயே நின்றுகொண்டார்.

வாசலில் காவலாளி "யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"ரெண்டாம் தேதி, போன மாசம், காலைல எட்டரைக்கு என் போனை எடுத்தவங்களை."

யாரிடமோ கேட்டார், அவர் இன்னொருவரிடம் கேட்டார். உன் பெயரை நான் சொல்லவில்லை. கடைசியில் ஓர் அம்மாள் வந்து என்னை மேலே கூட்டிப் போனார்கள். உன் அறையை நான் பார்த்ததே இல்லை, கவனித்திருக்கிறாயா? இவ்வளவு சின்ன அறை என்று நினைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மேஜை, ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி. ஒரு மேஜையில் பாதி சாப்பிட்ட டப்பா திறந்தபடி இருந்தது.

அவளை வெளி வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்கள். இருபத்தைந்துகூட இருக்காது. நான் யார் என்று சொன்னேன். தேதி சொன்னேன், நேரம் சொன்னேன். "பத்து வாரம்" என்றேன்.

"சரி" என்றாள்.

அப்புறம் "நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள். ஒன்றரை மாதமாக நான் இறந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அப்புறம் இன்னும் நாற்பது போன் எடுத்தாளாம். மறுநாள் வர முடியவில்லையாம், காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தாளாம். யாரிடமும் சொல்லவில்லை. அங்கே யாரும் யாரிடமும் சொல்வதில்லையாம்.

"குழந்தை?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அவள் அழுதாள். நானும். குழந்தையைப் பற்றிக் கேட்டது நீ, அப்புறம் அவள். இரண்டே பேர். அழுததில் அவள் கண்ணாடி நழுவி நழுவி வந்தது. பார்த்தால் ஒரு பக்கத்துக் கம்பி வளைந்திருக்கிறது. கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுத்தேன். பையில் எப்போதும் சின்ன ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பேன், திருகாணியையும் முறுக்கிவிட்டேன். "இப்ப சரியா நிக்குதா?" என்றேன். தலையை ஆட்டிக் காட்டினாள், நின்றது. அதற்குள் உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பெண்கள் கதவருகே வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி என்னிடம், "நீங்க வந்த மாதிரி வேற யாராவது வருவாங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை, ஆனால் அதற்கென்று ஒருவர் வருகிறார் என்றேன். யார் என்று சொல்லவில்லை. நீயே போய்ச் சொல்லிக்கொள்.

உன் மேலதிகாரி பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளி ஆட்களை உள்ளே விட்டது யார் என்று காவலாளியைச் சத்தம் போட்டார். நான் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, "அடுத்த தடவை முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றார். அடுத்த தடவை என்று அவர் வாயிலிருந்து வந்ததை உன் மருமகன் குறித்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜீப் உன்னை எங்கே இறக்கிவிடுமோ அங்கே நாங்கள் இருவரும் வந்து நிற்போம். நேராக எங்கள் வீட்டுக்கு வா. சாமான்களை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். வந்ததும் சமையலறைக்குள் போகாதே, எதையும் அடுக்காதே. அந்தக் குழந்தைக்கு இரண்டு பெயர் யோசித்து வைத்திருந்தோம். ஏன் இரண்டு, எப்படிச் சண்டை போட்டோம், கடைசியில் யார் ஜெயித்தது, எல்லாம் சொல்ல வேண்டும். நேரமாகும்.

உன் மகள்